வாசலில் மாட்டும் கண்

வீடியோ காலிங் பெல் வாங்கலாமா, சி.சி.டி.வி. கேமரா மாட்டலாமா? வேலை கிடைத்து நகரத்தில் தனி வீடு எடுத்தவர்கள், ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள், சாதி மறுப்பு மணம் செய்துகொண்டு முகவரி மாற்றி வாழ்கிறவர்கள் என நம் வாசகர்களில் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. யூடியூபைத் திறந்தால் பதில் கொட்டிக் கிடக்கிறது. எத்தனை மெகாபிக்சல், இருட்டில் நிறம் தெரியுமா, மாதச் சந்தா எவ்வளவு, அலெக்சாவோடு பேசுமா என்று புட்டுப்புட்டு வைக்கிறார்கள். அந்தக் கருவி யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது, அதன் பதிவு யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் எந்த ஒப்பீட்டிலும் காணோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இந்த நாட்டில் வாசல் என்பது வெறும் கட்டடத்தின் திறப்பாக ஒருபோதும் இருந்ததில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த சீனப் பயணி பாஹியான், சண்டாளர் எனப்பட்டோர் ஊருக்கு வெளியே வசித்ததையும், நகர வாயிலிலோ சந்தையிலோ நுழையும்போது மரக்கட்டையைத் தட்டி ஒலி எழுப்பியதையும் எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் விலகிக்கொள்வதற்கான எச்சரிக்கை ஒலி அது. பெஷவாக்களின் புனேயில் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வைத்ததை 1936-ல் அம்பேத்கர் எடுத்து எழுதினார். நம் ஊர் வீடுகளில் திண்ணை வரை வரலாம் என்று சிலர், முற்றம் வரை வரலாம் என்று சிலர், கொல்லைப்புறமாக வந்து குரல் கொடுக்க வேண்டும் என்று சிலர், தெருவிலேயே நின்றுகொள்ள வேண்டும் என்று சிலர் எனப் பிரித்து வைத்திருந்தார்கள். வந்தவர் யார் என்று உள்ளே இருப்பவர் பார்த்து முடிவு செய்யும் அதிகாரத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் கையில் இப்போது வைஃபையோடு ஒரு கண்ணைக் கொடுக்கிறோம்.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, வெளியே நிற்பது நண்பனா, பெண்ணின் மாமனா என்று கதவைத் திறக்காமலே தெரிந்துகொள்வது சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. எனவே கருவிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீடியோ காலிங் பெல் கதவருகே, ஏறத்தாழ நான்கடி உயரத்தில், வந்தவரின் முகத்துக்கு நேராக இருப்பது. பெல்லை அழுத்தினாலோ அசைவு தெரிந்தாலோ விழித்துக்கொள்ளும். கைப்பேசியில் முகத்தைக் காட்டும், குரலைக் கேட்க வைக்கும், நாமும் பதில் பேசலாம். பெரும்பாலான மாடல்கள் பதிவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். பழைய பதிவைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். கரண்ட் போய் வைஃபை ரூட்டர் நின்றால் அதுவும் குருடு. அமெரிக்க வீடுகளின் பெல் ஒயரில் ஓடுவது 16 முதல் 24 வோல்ட். நம் வீட்டு பெல்லில் ஓடுவது 230 வோல்ட். அதனால் வெளிநாட்டுத் தம்பி அனுப்பி வைத்த பெல்லை நேரே பழைய ஒயரில் மாட்டப் போகாதீர்கள். பேட்டரி மாடலோ தனி அடாப்டரோதான் இங்கே சரிப்படும்.

சி.சி.டி.வி. கேமரா உயரத்தில் இருந்து அகலமாகப் பார்க்கும். தொப்பி போட்டவனின் முகம் அதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவன் எந்தப் பக்கம் ஓடினான், வண்டி எங்கே நின்றது என்பது கிடைக்கும். இடைவிடாமல் பதியும். பதிவு வீட்டுக்குள் இருக்கும் டி.வி.ஆர். பெட்டியில் தங்கும். ஒரு சின்னக் கணக்கு: நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளுக்கு 86 ஜி.பி. சேரும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் பதினொரு நாளில் நிரம்பி, பழையதன் மேல் புதியது ஏறத் தொடங்கும். இந்தப் பதினொரு நாள் கணக்கை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டுக்கும் இடையில் நம் கண்ணோட்டத்தில் மிகப் பெரிய வேறுபாடு ஒலிதான். நாம் நிறுவும் சாதாரண சி.சி.டி.வி. பலவற்றிலும் மைக் கிடையாது. காலிங் பெல்லில் கட்டாயம் உண்டு. சாதி வன்கொடுமையில் அடியும் உதையும் கண்ணுக்குத் தெரியும். வசவு காதுக்குத்தான் கேட்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் செய்யப்படும் சாதி இழிவைக் குற்றமாக்குகின்றன. 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது நடந்த வசவு இதில் வராது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதற்கு முன்பே 2008-ல் ஸ்வரன் சிங் வழக்கில், வீட்டின் கேட் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்தான் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்கில் புகார் கொடுத்தவர் கேட்டருகே காரின் பக்கத்தில் நின்றிருந்தபோது சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர்.

ஆக, சட்டம் அங்கீகரிக்கும் இடம் வாசல்; குற்றம் நிகழ்வது சொல்லில்; அந்தச் சொல்லைப் பிடிக்கும் கருவி காலிங் பெல். வாடகை வீட்டில் சாதி தெரிந்த பிறகு கேட்டுக்கு வந்து கத்திவிட்டு, காவல் நிலையத்தில் “நான் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான் பேசினேன்” என்று சொல்லும் ஓனர்களை நமக்குத் தெரியும். ஊமைக் காட்சியில் அவர் கைநீட்டிப் பேசுவது மட்டும்தான் இருக்கும். பதிவு இருப்பதாலேயே வழக்கு வென்றுவிடாது, சொந்தக்காரர் அல்லாத சாட்சியும் தேவைப்படும். ஆனாலும் ஒலி இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

இதே ஒலிக்கு மறுபக்கமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, காலிங் பெல்லையும் கேமராவையும் ஒரே தராசில் வைத்த அபூர்வமான ஒன்று. ஒருவர் திருட்டுப் பயத்தில் வீட்டைச் சுற்றி ரிங் நிறுவனத்தின் பெல்லும் கேமராக்களும் பொருத்தினார். பக்கத்து வீட்டுப் பெண் வழக்குப் போட்டார். கதவருகே இருந்த பெல்லின் காட்சிப் பதிவை நீதிபதி ஏற்றுக்கொண்டார். வந்து போகிறவர் தற்செயலாகப் படுவது தவறில்லை என்றார். பக்கத்து வீட்டின் வழியையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்த கேமராவை ஏற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கண்டித்தது ஒலிப்பதிவை. கேமராவின் பார்வைக்கு அப்பால் நின்று பேசுகிறவரின் உரையாடலையும் அது உறிஞ்சிக்கொள்கிறது, காட்சிப் பதிவைவிட இது மோசம் என்றார். தேவை இருந்தால் மட்டும், உன் வாசலை மட்டும், குறைந்த அளவு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அங்கே அப்படிச் சொல்ல ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது என்பதற்கு வருவேன்.

அந்த ரிங் நிறுவனத்தின் கதை தனியே சொல்ல வேண்டியது. 2018-ல் அமேசான் அதை வாங்கியது. அதே ஆண்டு ‘நெய்பர்ஸ்’ என்ற செயலியை இறக்கினார்கள். பெல்லில் பதிவான காட்சியை அக்கம்பக்கத்தாருடன் பகிர்ந்து ‘சந்தேகத்துக்குரிய ஆள்’ என்று எச்சரிக்கலாம். 2019-ல் மதர்போர்டு இதழ் அதில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. சந்தேக ஆள் என்று காட்டப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லாதோர். ஒருபுறம் காவல் துறைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டுக்காரர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் அந்த ஆண்டில் மட்டும் 11 முறை அவசரம் என்ற பெயரில் காட்சிகளைக் காவல் துறைக்குக் கொடுத்ததை 2022-ல் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு அமேசானே எழுதித் தந்தது. எதிர்ப்பு வலுத்து, 2024 ஜனவரியில் செயலி வழியாகக் காவல் துறை காட்சி கேட்கும் வசதியை நிறுத்தினார்கள். 2025-ல் ஆக்சான் நிறுவனத்துடன் கைகோத்து வேறு பெயரில் அதே கதவைத் திறந்தார்கள். நிறுவனத்தின் உள்ளே நடந்தது இன்னும் கேவலம். பெண்கள் வீட்டுக்குள் பொருத்தியிருந்த கேமராக்களின் ஆயிரக்கணக்கான காட்சிகளை ஓர் ஊழியர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 2023-ல் அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கில் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே நிறம் செய்த வேலையை இங்கே எது செய்யும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு நாள் இருந்து பாருங்கள். உணவு கொண்டுவந்த பையன் லிப்டில் ஏறியது, வீட்டுவேலை செய்யும் அக்கா பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தது, குப்பை எடுப்பவர் ஷூவைப் பார்த்தது எல்லாம் ‘கேட்டட் செக்யூரிட்டி’யின் பேசுபொருள். வேலைக்கு வருபவருக்குத் தனி லிப்ட் என்று எழுதி ஒட்டும் சமூகத்தின் கையில் இருக்கும் கேமரா நடுநிலையாக இருக்காது. சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். சாக்கடைக்குள் இறங்குபவருக்கு உயிர்க்கவசம் கொடுக்கக் காசில்லாத நாட்டில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கக் காசு இருக்கிறது.

2024 மார்ச்சில் சொமாட்டோ ‘தூய சைவ’ உணவுக்கென்று தனி ஊழியர் படை, பச்சைச் சட்டை என்று அறிவித்து மறுநாளே சட்டை நிறத்தைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். சிவப்புச் சட்டைக்காரரைக் கண்டால் வாடிக்கையாளருக்கு வீட்டு ஓனரால் தொல்லை வரலாம் என்று அந்த நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதைத் தேடுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டியதில்லை. பையில் இருப்பது கறியா, வந்து போகும் நண்பன் எந்தச் சாதி, ராத்திரி எத்தனை மணிக்கு அந்தப் பெண் திரும்பினாள்: மாடிப்படி கேமரா வைத்திருக்கும் ஓனருக்கு இதெல்லாம் இப்போது கைப்பேசியில் வருகிறது. முன்பு அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது.

கேமராவால் நமக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் இருந்து கடத்தப்பட்டபோது கோயிலின் கேமராக்கள் பதிந்திருந்தன. உடனிருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியான பிறகும் அந்தக் காட்சி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதையும் கௌசல்யா வெட்டுப்பட்டதையும் நாடே பார்த்தது கேமரா வழியாகத்தான். ஆனால் அந்த வழக்கின் முடிவையும் பாருங்கள். 2017-ல் ஆறு பேருக்குத் தூக்கு. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்து, சதி நிரூபிக்கப்படவில்லை என்று கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. அரிவாள் பிடித்த கைகள் காட்சியில் இருந்தன. அதற்கு முன் எந்த வீட்டுக் கூடத்தில் என்ன பேசப்பட்டது என்பது எந்தக் காட்சியிலும் இல்லை.

அந்தக் கேமராக்கள் எதுவும் கொலையைத் தடுக்கவும் இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வு, கேமரா இருக்கும் இடங்களில் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைகிறது என்கிறது. அதில் பெரும்பகுதி வாகன நிறுத்துமிடத் திருட்டு. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ‘மூன்றாவது கண்’ என்று காவல் துறை தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்ன சென்னை, 2020-ல் சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் பட்டியலில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலகில் முதலிடம் பிடித்தது. அதைப் பெருமை என்று அப்போது எழுதினார்கள்.

பதிவு யார் கையில் என்பதற்கு சாத்தான்குளத்தை நினைத்தால் போதும். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்சும் சித்திரவதை செய்யப்பட்ட காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் 1 டி.பி. இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். நமது பதினொரு நாள் கணக்கு அங்கே ஒரே நாளானது இப்படித்தான். உண்மையை வெளியே கொண்டுவந்தது அன்று பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய்மொழி. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வன்கொடுமை வழக்குகளின் நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று 15A(10) பிரிவு சொல்கிறது. நம் இயக்கம் கேமரா கேட்க வேண்டிய முதல் இரண்டு இடங்கள் இவை. பால்காரர் வந்துபோகும் வாசல் அதற்கு அப்புறம்.

சட்டத்துக்கு வருகிறேன். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 3-வது பிரிவு, ஒருவர் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. ஆக்ஸ்போர்டுப் பெண்மணி வென்ற வழக்கை இங்கே போட்டால், வீட்டுத் தேவை என்ற ஒற்றை வரியின் பின்னால் எதிராளி ஒளிந்துகொள்ளப் பார்ப்பார். முழு இருட்டும் அல்ல. 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் வசிக்கும் இன்னொருவரின் சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமை மீறல் என்றது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. சொந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை அது. குடியிருப்பவருக்கும் வீட்டு ஓனருக்கும், வேலைக்கு வரும் பெண்ணுக்கும் முதலாளியம்மாவுக்கும் இடையில் அதே நியாயத்தை நீட்டிக்கும் வழக்கு ஒன்றை யாராவது நடத்த வேண்டும். நம் வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்கலாம்.

இனி, எதை வாங்குவது? என் கருத்தை நேராகவே சொல்கிறேன். உங்கள் அச்சம் ஒரு குறிப்பிட்ட ஆள் கதவுக்கு வருவார் என்பதாக இருந்தால், அதாவது சாதி மறுப்பு இணையராகவோ, மிரட்டலுக்கு உள்ளான செயற்பாட்டாளராகவோ, தனியாக வாழும் பெண்ணாகவோ இருந்தால், காலிங் பெல்தான் பொருத்தம். முகமும் குரலும் கதவைத் திறப்பதற்கு முன் கிடைக்கின்றன. ஆனால் பதிவு கருவிக்குள் இருக்கும் மெமரி கார்டில் தங்கும் மாடலாகப் பாருங்கள். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டபோது கைதானவர் பெண்ணின் சகோதரர். பெற்றோர் இருவரும் காவல் துறை சார்பு ஆய்வாளர்கள். துரத்துகிற குடும்பத்தில் காக்கிச் சட்டை இருக்கும்போது, காவல் துறை கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சர்வரில் உங்கள் வருகை நேரங்கள் குவிந்திருப்பது பாதுகாப்பல்ல. இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் சொன்னதை எந்த பெல்லும் ஈடுசெய்யாது.

ஊரில், சேரித் தெருவில், கூட்டமாக வந்து தாக்கும் ஆபத்து இருக்கும் இடத்தில் கேமராவும் டி.வி.ஆரும்தான் உதவும். தெருவின் இரு முனைகளையும் வண்டி எண்களையும் பிடிக்க அகலப் பார்வை வேண்டும். டி.வி.ஆர். பெட்டியை டி.வி. பக்கத்தில் வைக்காதீர்கள், தாக்க வருபவர்கள் முதலில் உடைப்பது அதைத்தான். சின்ன யு.பி.எஸ். ஒன்று சேர்த்து வாங்குங்கள். சம்பவம் நடந்தால் அன்றே காட்சியைப் பிரதி எடுங்கள், மூலப் பதிவை அழிய விடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவை, அதில் ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள், வாட்ஸாப்பில் சுற்றிய பிரதியை நம்பி இருக்காதீர்கள். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் 2025-ல் டெலிகிராமில் விற்கப்பட்டன. அங்கே பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று பிறகு செய்தி வந்தது. உலகத்துக்கே தெரிந்த பூட்டு அது.

எந்தக் கருவியானாலும் எதிர்வீட்டுக் கதவும் தெருக் குழாயும் சட்டகத்துக்குள் வராமல் திருப்புங்கள்; முடியாவிட்டால் ஆப்பில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி இருக்கும். வீட்டுவேலைக்கு வருபவர் இருந்தால் கேமரா எங்கே இருக்கிறது என்று முதல் நாளே சொல்லுங்கள், அவர் உட்காரும் இடத்தை நோக்கி வைக்காதீர்கள். பார்சல் கொண்டுவந்த தம்பியின் முகத்தை எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று. தண்ணீர் வருமா, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, மாடிப்படி கேமரா யார் கைப்பேசியில் ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கும், அது உங்கள் கதவைப் பார்க்கிறதா என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் கேமரா திரும்பாது.